சித்தி எதற்குச் சிரித்தாள்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போன நாட்கள் நிறைய. சித்தி இருக்கும்போது எழுதினால் பழைய பேச்சைக் கிளறியது போல் ஆகுமோ என்று பயம். போன ஐப்பசியில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் தாயார் அறிய, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். வைகாசியில் கல்யாணம். ஆடிக்குச் சித்தியை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆவணி பிறந்து அவள் திரும்புவதற்குள், ஈராக்கில் பாஸ்ரா என்ற ஊருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இவர் விமானம் ஏறிவிட்டார். அங்கே ஈரானோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. ‘அது எல்லையிலதான், நமக்கு ஒண்ணும் இல்ல’ என்று கடுதாசி போட்டார். பிறகு கடுதாசியும் நின்றுபோனது. எங்கேயோ பத்திரமாக இருக்கிறார் என்று வீட்டில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் பேச்சை மாற்றினார்கள்.

அவரோடு ஒரே அறையில் இருந்தவர் கான்சாபுரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அப்பா கிளம்பினார். சித்தியும் வருவேன் என்று நின்றாள். தம்பி பெண்டாட்டியைத் தனியாகக் கூட்டிப் போனால் நன்றாக இருக்காது என்று, மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு லீவு போட வைத்தார்கள். சித்தப்பா இருக்கிறாரா இல்லையா என்பது அவர்கள் கவலை. என் கவலை ஜன்னல் சீட்டு.

அந்த மனிதர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தவர், பிறகு உட்காரவே இல்லை.

“கண்ணால பாத்தீயளா தம்பி?” என்று அப்பா கேட்டார்.

“பாத்தேன் அண்ணாச்சி. பட்டப்பகல். அண்ணன் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு. விமானம் வந்து குண்டு போட்டுட்டுப் போயிருச்சு. நாங்கதான் போய்த் தூக்குனோம். அங்கயே அடக்கம் பண்ணிட்டோம்.”

அப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “என்ன நாளு?” என்றார்.

“நாளு கெழமயெல்லாம் அங்க யாரு பாத்தா? குளிர் காலம். மார்கழி, தையா இருக்கும்.”

“அப்ப தை அமாவாசையிலதான் கும்பிடணும்.”

அவருக்கு வேறு கேள்வி இல்லை. சித்திக்குத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவிய அங்க என்ன சாப்பிட்டாவ?” என்றாள்.

“சோறுதான் மதினி. அண்ணன்தான் பொங்குவாரு. கொழம்புல உப்ப அள்ளிப் போட்டுட்டு, எங்க வீட்டுக்காரி கைப்பக்குவம் எனக்கு எங்க வரும்பாரு. நீங்க வைக்கிற கருவாட்டுக் கொழம்பு நாலு தெருவுக்கு மணக்கும்னு சொல்லிச் சொல்லியே எங்க உசிர வாங்குவாரு.”

சித்தி அவரையே பார்த்தாள். “நான் ஒரு நாகூட அவியளுக்குக் கொழம்பு வச்சதில்ல. அடுப்பு எங்க அத்தை கையிலல்லா இருந்துச்சு!” என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “ஏட்டி, ஒங்க சித்தப்பா எம்புட்டுப் பொய் சொல்லியிருக்காவ பாத்தியா!”

கான்சாபுரத்துக்காரரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு சித்தி நிறுத்தவில்லை. முடி யார் வெட்டிவிட்டார்கள்? “நான்தான். ஒருக்க ஒரு பக்கம் வழிச்சு விட்டுட்டேன். மாசம் பூரா தொப்பியோட திரிஞ்சாரு.” குறட்டை விடுவாரா? “அத ஏன் கேக்கிய, அந்தச் சத்தத்துக்குக் குண்டுச் சத்தமே தேவலை.” கோபம் வருமா? “சீட்டுல தோத்தா மட்டும் வரும்.”

தன் புருஷனுக்குக் கோபம் வருமா என்று ஒரு பெண் ஊரான் ஒருவரிடம் கேட்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சித்தி கொஞ்சம் மக்கு என்றும் தோன்றியது.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஆண்டாள் தாயாரைக் கும்பிட்டுப் போகலாம் என்றாள் சித்தி. துக்கச் செய்தி கேட்டுவிட்டுக் கோயிலுக்குள் போவதா என்று அப்பா தயங்கினார். கடைசியில் கோபுரத்துக்கு எதிரே வெளியிலேயே நின்று கும்பிட்டோம். சித்தி பூக்காரியிடம் ஒரு முழம் கேட்டாள். “இன்னும் ரெண்டு முழம் குடும்மா” என்றார் அப்பா. எண்ணிச் செலவு செய்கிற அப்பா, எனக்கும் கேட்காமலே பால்கோவா வாங்கித் தந்தார். நான் சித்தி வாயில் ஒரு துண்டை ஊட்டினேன். “கொழம்புல போயி உப்ப அள்ளிப் போட்டாவளாம்” என்று சொல்லி மறுபடி சிரித்தாள், தலை நிறையப் பூவோடு. இவ்வளவு நல்ல நாள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

மறுநாள் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால், சித்தி நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்திலும் ஒன்றும் இல்லை. பூ எங்கே என்று கேட்டேன்.

முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் தெருக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்திருக்கிறார். ‘புருஷன் செத்த சேதியக் கேட்டுட்டு, பூ வச்சு, பால்கோவா தின்னுக்கிட்டுச் சிரிச்சவ’ என்ற பேச்சு அவள் சாகும்வரை இருந்தது. சித்தி யாரிடமும் அதற்கு மறுமொழி சொன்னதில்லை.

கான்சாபுரத்து வீட்டில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் தன் புருஷனோடு குடித்தனம் நடத்தினாள் என்பது எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்தே புரிந்தது. வாசிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சித்தி சிரித்தாள் என்று சொன்னால், எதற்குச் சிரித்தாள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.