இத்தாலிக்காரர் வீட்டு ஒயின்

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் அப்பா சூளைக்குத் தீ பார்க்கும் வேலையில் இருந்தார். நான் நாலாம் வகுப்பு படித்தபோது அங்கே புதுச் சூளை ஒன்று வந்து இறங்கியது. அதைப் பொருத்தி, எரியவிட்டுக் காட்டுவதற்காக இத்தாலியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கே அவர் இத்தாலிக்காரர்தான். நம் வெயிலில் அவருக்குத் தோல் உரிந்து, அவித்த கிழங்கு போல இருப்பார். அப்பாவும் அவரும் கொஞ்சம் இங்கிலீஷிலும் நிறையக் கையசைப்பிலும் பேசிக்கொள்வார்கள். எப்படியோ அவர்களுக்குள் எல்லாமே புரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா அவர் கதையைத்தான் சொல்வார்.

"அவங்க வூட்டுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்குதாம். தாத்தா வெச்ச கொடியாம். அண்ணன் தம்பி, பொம்பளைங்க எல்லாரும் எறங்கிப் பறிச்சி, பிழிஞ்சி, மரப் பீப்பாயில ஊத்தி வெப்பாங்களாம். ரொம்ப ஒசந்த ஒயினெல்லாம் இல்ல. சோத்தோட தெனம் குடிக்கிறதாம். நமக்கு மோரு மாதிரி."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மீன் அலசிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அம்மாவின் அண்ணன் ஸ்ரீமுஷ்ணத்தில் தச்சு வேலை செய்தவர். அப்போது மதுவிலக்கு. கள்ளச் சாராயம் கிடைக்காத நாட்களில் மேசைக்குப் பூசுகிற வார்னிஷைக் குடித்தார். முதலில் கண் போயிற்று. பிறகு ஆளே போனார். சாகும்வரை அவருக்குச் சோறு ஊட்டியது அம்மாதான். 'ஒரு டம்ளருதான் பாப்பா' என்றுதான் அவரும் ஆரம்பித்தாராம்.

சூளை ஒழுங்காக எரிய ஆரம்பித்ததும் இத்தாலிக்காரர் ஊருக்குக் கிளம்பினார். வெளிநாட்டுக்காரர் என்பதால் குடிப்பதற்கு அவரிடம் பர்மிட் இருந்தது. அப்பாவிடம் இல்லை. அவர் அதையெல்லாம் யோசிக்காமல், தம் வீட்டு ஒயினில் மீதியிருந்த ஒரு பாட்டிலை அப்பா கையில் கொடுத்துக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அப்பா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பாட்டிலில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு ஓட்டு வீடும் பின்னால் கொடிகளும் இருந்தன. மாடி ஜன்னலைத் தொட்டு, "இதுதான் அவங்க அம்மா படுக்குற ரூமாம்" என்றார் அப்பா.

"அத வூட்டுல வெக்காதீங்க" என்றாள் அம்மா.

"குடிக்கவா போறேன்? ஒரு குடும்பமே பாடுபட்டுச் செஞ்சது. சாக்கடையில ஊத்தச் சொல்றியா?"

பாட்டில் பரணில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, இத்தாலிக்காரர் சொன்ன மாதிரி சோற்றோடு ருசி பார்க்கலாமே என்று அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. மூடியிருந்த தக்கையை எடுக்கத் தெரியாமல் ஆணியால் உள்ளே தள்ளினார். டம்ளரில் கால்வாசி ஊற்றிக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"நாவப்பழம் மாதிரி தொவர்க்குது. இதுக்கா இவ்ளோ பெரும?" என்று சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். அம்மா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிற வழியில் அம்மா ஒரு கான்ஸ்டபிள் வீட்டு வாசலில் நின்றாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் தாடையில் சவரச் சோப்போடு வெளியே வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. வழியில் எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் அப்பா வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் போலீஸ் வந்தது. கான்ஸ்டபிள் மட்டுமல்ல, இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். வீட்டில் எதையும் கலைக்காமல் நேராகப் பரணில் ஏறிப் பாட்டிலை எடுத்தார்கள். போலீஸுக்கு எல்லாம் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்தார்கள். அம்மா வாசல்வரை ஓடினாள்.

"பாட்டில எடுத்துக்கிட்டு ஒரு அதட்டு போட்டுட்டு வுட்டுடுறோம்னு சொன்னீங்களே ஐயா! ஆள எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

கான்ஸ்டபிள் தரையைப் பார்த்தார். அப்பா நின்று, திரும்பி அம்மாவை ஒருமுறை பார்த்தார். அப்புறம் நடந்தார். தெருவே வெளியே வந்து நின்றது.

அப்பாவைக் கடலூர் ஜெயிலில் போட்டார்கள். கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வெளியே வந்தபின் எந்தப் பீங்கான் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. வேப்பூரில் லாரிக்கு மூட்டை ஏற்றினார். முதுகு போயிற்று. சில வருஷத்தில் சர்க்காரே மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊருக்குள் சாராயக் கடை திறந்தது. கூன் விழுந்த முதுகோடு அந்தக் கடையைத் தாண்டித்தான் அவர் தினமும் பஸ்ஸுக்குப் போனார். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அம்மா செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசியும் நான் கேட்டதில்லை.

அவர் ஜெயிலிலிருந்து வந்தது ஒரு மத்தியானம். நான் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். மொட்டை அடித்திருந்தார். மீசையும் இல்லை. அம்மா அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுக் குடத்தோடு வெளியே போய்த் தெருக் குழாய் பக்கம் நின்றுகொண்டாள். அப்பா உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா வரவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கவுமில்லை.

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வா" என்றார்.

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா இன்னொரு தடவை கூப்பிட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாள் வெளியே இருந்துவிட்டு வந்தவர் அப்பா. வீட்டிலேயே இருந்த அம்மாவை அவர் எதற்கு உள்ளே கூப்பிடுகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.