பாதியில் முடிந்த நாடு

எங்கே வரிசை நின்றாலும் தேவகி அதன் கடைசியில் போய் நின்றுவிடுவாள். எதற்கு என்று அப்புறம்தான் கேட்பாள். ஒருமுறை உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அப்படி நின்றுகொண்டு முன்னால் இருந்தவரிடம் விசாரித்தாள். "ஆட்டுக்கு ஊசி போடறாங்கோ. உன் ஆடு எங்கம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வெளிநாட்டில் அவள் படித்த கார்கோவ் நகரத்தில் படிந்த பழக்கம் அது. அங்கே வரிசையைக் கண்டால் முதலில் இடம் பிடிக்க வேண்டும். விற்பது ரொட்டியா சோப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தால் சரக்கு தீர்ந்துபோகும். ஊர் திரும்பிப் பத்து வருடம் ஆகப்போகிறது, கால்களுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

பஸ் நிலையத்தை ஒட்டிய மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. எந்த டாக்டரின் கிறுக்கல் எழுத்தையும் வாசித்துவிடுவாள். ஆனால் சீட்டு இல்லாமல் வந்து, "தலைய வலிக்குது, எதுனா குடும்மா" என்று கேட்பவர்களிடம் கையை விரித்துவிடுவாள். முதலாளி முத்துகிருஷ்ணனுக்கு இது தாளாது. "எட்டாங்கிளாஸ் தாண்டாத நானே மாத்திரை அட்டையக் கத்தரிச்சுக் குடுத்துக்கினு கீறேன். ரஷ்யாவுல டாக்டருக்குப் படிச்ச உனக்கு இன்னாம்மா பயம்?" என்பார். தேவகி அலமாரியைத் துடைக்கப் போய்விடுவாள்.

அவளுடைய அப்பா கிருஷ்ணசாமி பட்டு நெய்தவர். தறிக்குழிக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு மாஸ்கோவின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டபடியே தறி ஓட்டுவார். ரஷ்ய நட்புறவுச் சங்கம் ஒன்றில் உறுப்பினர். அதன் வழியாகத்தான் மகளுக்கு அந்த நாட்டில் இலவச மருத்துவப் படிப்பு கிடைத்தது. 1989இல் மீனம்பாக்கத்தில் அவளை வழியனுப்ப இரண்டு வேன் நிறைய நெசவாளிகள் வந்தார்கள். முதல் வருடம் மொழி. அடுத்த வருடம் எலும்பு.

நாடு முடிந்துபோனதைப் பற்றி யாராவது கேட்டால் தேவகி சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் உயிர் வரும்.

"சண்டை இல்ல, எங்க ஊருல ஒரு தோட்டா வெடிக்கல. பரீட்சைக்குப் படிச்சுக்கினு இருந்தோம். ஹாஸ்டல் டிவியில செவப்புக் கொடிய எறக்கறாங்க. வியட்நாம்காரப் பொண்ணு ஒருத்தி காலுறை பின்னிக்கினு இருந்தா. அவ கேட்டா, 'அப்ப பரீட்சை நடக்குமா, நடக்காதா?' எங்களுக்கு அதுதான் கவலை. அவ்ளோ பெரிய நாடு, உலகத்துல ஆறுல ஒரு பங்கு நெலம். காலையில எயுந்தா இல்ல."

பரீட்சை நடந்தது. நடக்காமல் போனவை மற்றவை. உதவித்தொகையாக வந்த ரூபிளுக்கு ஒரு வாரச் சாப்பாடு வாங்குவதே கஷ்டமாயிற்று. உடற்கூறியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியை மெட்ரோ வாசலில் பனியில் நின்று தன்னுடைய பூட்ஸை விற்றுக்கொண்டிருந்தார். தேவகியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்கோவ் பிரிந்துபோய் இப்போது வேறு நாட்டு ஊர், படிப்பு வேண்டுமானால் டாலர் கட்டு என்றார்கள். டாலரை கிருஷ்ணசாமி கண்ணால் பார்த்ததில்லை.

"எலும்பு, நரம்பு, தசை எல்லாம் முடிச்சோம். நோய் ஆரம்பிக்கறதுக்கு முன்ன நாடு முடிஞ்சுபோச்சு" என்பாள் தேவகி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

மிச்சப் படிப்பை இங்கே முடிக்க அப்பாவும் மகளும் சென்னையில் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கில்லை. ஓர் அலுவலகத்தில் அவளுடைய சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நாடே இல்லியேம்மா. யாருக்கு எழுதிக் கேக்கறது?" என்றார்கள். அவர்கள் கேலியாகச் சொல்லவில்லை. கிருஷ்ணசாமி மட்டும் கடைசிவரை அசரவில்லை. "நாடு இன்னா ஆடா மாடா, தொலைஞ்சு போறதுக்கு? வரும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு சித்திரையில் போய்ச் சேர்ந்தார். பெண் பார்க்க வந்த நெசவுக்காரர்களுக்குத் தேவகி அதிகமாகப் படித்தவள். உத்தியோகக்காரர்களுக்குப் படிப்பை முடிக்காதவள். அந்தப் பேச்சும் மெல்ல நின்றுபோயிற்று.

2002 ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு பிற்பகல், கடையில் அவள் தனியாக இருந்தபோது வீரம்மாள் வந்தாள். மானாம்பதிப் பக்கம் ஏரிக்கரை ஓரத்து இருளர் குடிசைகளில் ஒன்று அவளுடையது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். தோளில் மகள் சந்தியா கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருடம்கூட ஆகாத குழந்தை. காய்ச்சல் அனலாய் அடித்தது.

"ஆஸ்பத்திரியில காட்டிக்கினுதான் வர்றேன் டாக்டரம்மா. செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போன்னாங்கோ. போனா அங்கியே கெடக்கணும். வூட்டுல சின்னது ரெண்டு தனியா கீது. நீயே ஒரு வாட்டி பாத்து சொல்லும்மா."

தேவகி குழந்தையின் மார்பில் கை வைத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிந்தது. அந்த எலும்புகளின் பெயர் அவளுக்குத் தெரியும். அவற்றின் இடையில் இருக்கும் தசை, அதன் அடியில் ஓடும் நரம்பு, எல்லாவற்றையும் லத்தீனிலும் ரஷ்ய மொழியிலும் சொல்வாள். சதை இப்படிக் குழிந்தால் என்ன அர்த்தம் என்பது அடுத்த வருடப் பாடம். அவள் தொட்டுப் படித்த உடம்புகள் எதுவும் மூச்சு விடவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. நான் டாக்டர் இல்ல."

"சும்மா சொல்லும்மா. பயப்படற மாதிரியா, இல்லியா?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? நான் எதுவும் சொல்லக் கூடாது."

வீரம்மாளின் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும். பெரிசா எதுனா இருந்தா நீ சொல்லாம வுட்டுருவியா?" என்றாள்.

குழந்தையின் தலைமேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினாள். செங்கல்பட்டு பஸ்ஸும் மானாம்பதி பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் மானாம்பதி பஸ்ஸில் ஏறினாள். தேவகி கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதற்குள் யாரோ ஒரு சீட்டை நீட்டினார்கள். அவள் அதை வாங்கி வாசித்தாள்.

அந்த வாரக் கடைசியில் வீரம்மாளின் தம்பி சக்திவேல் கடைக்கு வந்தான். "பாப்பா அன்னிக்கு ராத்திரியே, விடியறதுக்குள்ள போய்டுச்சு" என்றான். அவன் திட்டப் போகிறான் என்று தேவகி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி மனச தேத்திக்கினு கீது. ரஷ்யாவுல படிச்ச டாக்டரே தொட்டுப் பாத்தாங்கோ, அவங்களாலயே முடியலன்னா அது விதிதானேன்னு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று தேவகி மானாம்பதிக்குப் பஸ் ஏறினாள். நான் பார்த்தது டாக்டர் பார்த்தது இல்லை. என்னை நம்பியதால்தான் உன் பெண் போனாள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஏரிக்கரையில் இறங்கினாள். தூரத்தில் அந்தக் குடிசைகளின் கூரையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லிவிட்டால் வீரம்மாளின் கையில் பிடித்துக்கொள்ள என்ன மிஞ்சும்? திரும்பி வந்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிட்டாள்.

தை பிறந்து சில நாள் கழித்து வீரம்மாள் தானாகவே வந்தாள். கூடவே அவளுடைய குடிசைப் பக்கத்து வயதான பெண் ஒருத்தி. கடையில் கூட்டம் இருந்தது. முத்துகிருஷ்ணன் கல்லாவில் இருந்தார். வீரம்மாள் இளைத்திருந்தாள். கூட வந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கிற குரலில், "இவங்கதான். என் பொண்ண கடைசியா பாத்த டாக்டரு" என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முத்துகிருஷ்ணனும் பார்த்தார்.

வீரம்மாள் மடியை அவிழ்த்து, அவித்த பனங்கிழங்குக் கட்டு ஒன்றை எடுத்தாள். "அன்னிக்கு உனுக்கு ஒண்ணும் குடுக்காம போய்ட்டேன். டாக்டருகிட்ட வெறுங்கையா காட்டக் கூடாதும்பாங்கோ. வாங்கிக்கம்மா" என்றாள்.

தேவகி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டாள்.