டிரங்க் காலும் கம்ப்யூட்டர் திருடனும்

போன வாரம் டி.வி. செய்தியில் ஒரு விஷயம் சொன்னார்கள். வெளிநாட்டில் யாரோ ஒரு மாணவன், வீட்டில் உட்கார்ந்தபடியே டெலிபோன் வழியாக ஒரு பெரிய ஆபீஸின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அங்கிருந்த ரகசியங்களைப் படித்துவிட்டானாம்.

எப்படிப் புகுந்தான்? யாருடைய ரகசியம்? ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ கம்ப்யூட்டரின் பெரிய டேப் சக்கரங்கள் சுற்றுவதைக் காட்டினார்கள். செய்தி வாசித்த பெண்மணி லேசாகச் சிரித்தார். அடுத்தது கிரிக்கெட்.

மல்லாட்டை மண்டி – வேர்க்கடலை மொத்த வியாபாரம் – வைத்திருக்கும் காதர் பாய் வீட்டில்தான் தெருவே செய்தி பார்க்கும்.

"போன் வழியா பூந்துட்டான்னா... அப்ப நாம பேசறதையும் ஒருத்தர் கேக்கலாம் இல்ல?" என்றார் பாய்.

எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே வசந்தா உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரிலிருந்து வெளியூருக்குப் போடும் டிரங்க் கால்கள் எல்லாம் அவள் காதைத் தாண்டித்தான் போகும்.

"என்னை ஏங்க பாக்கறீங்க?" என்றாள். எல்லோரும் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும்தான்.

மறுநாளே ஊர் பூடகமாகப் பேச ஆரம்பித்துவிட்டது. நான் மண்டியில் இருந்தபோது பாய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, "அந்தச் சரக்கு... அதான், அந்தச் சரக்கு..." என்று கிசுகிசுத்தார். அந்தப் பக்கம் புரியவில்லை. மூன்றாவது தடவை, "மல்லாட்டைங்க" என்று கத்தினார். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சிரித்தேன். ஆனால் எனக்கும் ஒரு கால் பாக்கி இருந்தது. தொண்டைக்குள் ஒரு கட்டி. வேலூரில் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆபீஸிலிருந்து டாக்டருக்கு டிரங்க் கால் புக் செய்தேன்.

சத்தமாகப் பேசினால் ஆபீஸுக்கே தெரிந்துவிடும். மெதுவாகப் பேசினால் டாக்டருக்குக் கேட்கவில்லை. அவர் சொல்வதும் எனக்குக் கேட்கவில்லை. ஒரே இரைச்சல். நடுவில் ஒரு குரல்...

"சார், நான் வசந்தா. டாக்டர் பேசறது எனக்குக் கேக்குது. நான் சொல்லட்டுங்களா?"

வேறு வழி? "சொல்லும்மா" என்றேன்.

"சாதாரணக் கட்டிதானாம் சார். கேன்சர் இல்லியாம். பயப்பட வேணாம்னு சொல்றாரு."

குரல் தழுதழுத்தது – எனக்கல்ல, அவளுக்கு.

அன்று சாயங்காலமும் செய்தி பார்க்கப் போனோம். என் மனைவி பக்கத்தில்தான் வசந்தா உட்கார்ந்தாள். பூ விலை பேசினாள். பஸ் கூட்டம் பற்றிப் பேசினாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இவளையா சந்தேகமாகப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அந்த மாணவன் படித்ததை யாரிடமாவது சொன்னானா? செய்தியில் அதையாவது சொல்லியிருக்கலாம்.

வசந்தா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. நான்தான் எழுதித் தொலைத்துவிட்டேன்... என் மனைவி வாராவாரம் பத்திரிகை வந்ததும் முதலில் படிப்பது நான் எழுதும் இந்தப் பக்கத்தைத்தான்.