தவராஜா அண்ணையின் பெயர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரண்டர்ஸ் நகரில் எங்கள் ஆட்களின் முதல் கார் எல்லாம் தவராஜா அண்ணையின் பெயரில்தான் ஓடியது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவனுக்கு இன்சூரன்ஸ் கையைக் கடிக்கும். அண்ணையோ காரில் ஒரு கீறல்கூட விழவிடாத மனிதர்; அவர் பெயரில் போட்டால் மலிவு. "என்ர பேரில போடு லவன்" என்றார் என்னிடமும். அது பிழை என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் என் முதல் காரான அந்தச் சிவப்பு மஸ்டாவில் அண்ணையை முன்னால் இருத்தி, கடிக்க ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலுமாக எஸ்பியர்க் கடற்கரைக்குப் போன ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. எவ்வளவு நல்ல காலம் அது.

நாலு வருடத்துக்கு முன், தன் மகள் சாரங்கியின் கலியாணத்தன்று, அண்ணை மத்தியானமே நன்றாகக் குடித்துவிட்டு ஐஸ் வாங்கக் காரை எடுத்தார். சந்தியில் பொலிஸ் மறித்தது. மூன்று வருடத்துக்கு லைசென்ஸ் போயிற்று. யாரிலும் மோதாதது கடவுள் செயல்.

அந்த மூன்று வருடமும் முதியோர் இல்ல வேலைக்குச் சைக்கிளில் போனார். அவர் பெயரில் ஓடிப் பழகியவர்கள், மழையில் அவர் நனைந்து வருவதைக் கண்டும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நானும் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன்.

அறுபத்து மூன்று வயதில் மறுபடி வகுப்புக்குப் போய், சோதனையும் பாஸ் பண்ணி, பழைய கார் ஒன்று வாங்கினார். இன்சூரன்ஸ் பதிவானால்தான் நம்பர் பிளேட் தருவார்கள். படிவத்தில், லைசென்ஸ் எப்போதாவது பறிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஓம் என்று எழுதினார். இரண்டு கம்பெனிகள் பதிலே போடவில்லை. கார் பிளேட் இல்லாமல் வாசலில் நின்றது.

நான் போய், "அண்ணை, என்ர பேரில போடுங்கோ" என்றேன்.

அவர் மனைவி செல்வமலர் அக்கா ஆவலோடு அவரைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார் அண்ணை. "அப்ப எல்லாருக்கும் பேரைக் குடுத்துப் பெரிய மனிசனா நடந்தன். இப்ப கெட்ட பேர்தான், எண்டாலும் அது என்ர."

மூன்றாவது கம்பெனி கடும் நிபந்தனைகளோடு சம்மதித்தது. அடுத்த ஞாயிறு அண்ணையின் கார் என் வாசலில் வந்து நின்றது. ஏறினேன். இன்சூரன்ஸ் கடிதத்தை என் மடியில் வைத்தார். அவருடைய பெயர் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் ஆட்கள் கூடும் கடைத்தெருவை நெருங்கியதும் காரை மெதுவாக்கினார்.

"கண்ணாடியை இறக்கு லவன். சனம் பாக்கட்டும்."

இறக்கினேன்.