வரிசை சாரும் ஜன்னலோர மிஷினும்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்யும். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் வரிசை, முகத்துக்கு நேரே வரிசை சார். அது அவருக்கும் தெரியும். "பரவாயில்லக்கா, கழுதைன்னு வைக்கலையே" என்பார்.

பல்கலைக்கழகக் கட்டடத்தின் முதல் மாடியில் கம்ப்யூட்டர் ஹால். அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, பெருக்கித் துடைப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் செத்த வருஷம் நான் அங்கே சேர்ந்தேன். உட்கார்ந்து அழுதால் உலை கொதிக்காது என்று சேர்ந்தேன். சேர்ந்த பிறகு அழ நேரமும் இல்லை, அழ வேண்டும் என்று பெரிதாகத் தோன்றவும் இல்லை. அந்த மனுஷன் அப்படி.

அந்த ஹாலில் இருக்கிற மிஷின் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளைகள் போடுகிற கணக்கு அவ்வளவு பெரிசாம். சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டால் அது சூடாகி மூச்சை விட்டுவிடுமாம். அதனால் எல்லாரும் இங்கே வருவார்கள். சுவரோரம் நாற்காலிகள் போட்டிருக்கும். முடிவெட்டுகிற கடை மாதிரி, முதல் நாற்காலிக்காரர் எழுந்தால் மற்றவர்கள் ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து உட்கார வேண்டும். மிஷின் கிடைத்ததும் கணக்கைப் போட்டு ஓடவிட்டுப் போய்விடலாம், அது பாட்டுக்கு ஓடும். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ஒருத்தர் ஒரு மிஷினைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. முடிந்ததோ முடியவில்லையோ, நிறுத்திவிட்டு மறுபடி கடைசி நாற்காலிக்குப் போய்விட வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவர்தான் வரிசை சார். பெரிய பேராசிரியர் ஒருத்தர் ஒருநாள் வந்தார். "எனக்கு முட்டி வலிப்பா, இந்தக் கட்டை நாற்காலியில உக்கார முடியல, கொஞ்சம் பார்த்துச் செய்" என்று குழைந்தார். இவர் எழுந்து தன் மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் போட்டார்.

"முட்டிக்கு நாற்காலி தர்றேன் சார். வரிசை தர முடியாது."

அவர் அதில் உட்கார்ந்து காத்திருந்துதான் வேலையை முடித்துக்கொண்டு போனார். நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

ஆள் குள்ளம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயின்ட் பிரஷ் இருக்கும், மிஷின் முதுகில் தூசி தட்ட. தட்டும்போது பேசுவார். "என்னடா, நேத்துலேர்ந்து உறுமிக்கிட்டே இருக்கே" என்பார். பசுமாட்டைக் கூட அப்படித் தடவிக் கொடுத்து நான் யாரையும் பார்த்ததில்லை. அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. மத்தியானம் போன் வரும். "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்று இவர் புளுகுவார். அந்தப் பக்கம் நம்பாது. போனை என்னிடம் நீட்டுவார். "இல்லம்மா, டப்பா தொறக்கவே இல்ல" என்று நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். அதற்கு என்னை முறைப்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மற்றவர்கள் இவர் முன்னால் உச்சுக் கொட்டுவார்கள். எனக்குச் சுற்றி வளைக்க வராது, நேராகவே கேட்டேன்.

"ஏன் தம்பி, புள்ள இல்லையேன்னு இருக்கா?"

"இருந்துச்சுக்கா. ரெண்டு பேரும் உக்காந்து வருத்தப்பட்டு முடிச்சாச்சு. இப்ப லீவு நாள்ல நல்லா தூங்குறோம்."

அதோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன். பொய் சொல்லாத பதில் என்று பட்டது.

ஹாலுக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தியை நாங்கள் மணல் பொண்ணு என்போம். வெள்ளம் வந்தால் ஆற்று மணல் எங்கே போய்ப் படியும் என்பது அவள் ஆராய்ச்சி. "எங்கே படியும், என் வீட்டு வாசல்ல படியும், இதுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு" என்று நான் கேட்பேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "உங்க வாசலையும் சேர்த்துப் போட்டுடறேம்மா" என்பாள். கல்யாணமாகி வெகு நாள் கழித்து வயிற்றில் பிள்ளை உண்டாகியிருந்தது. வயிறு மேசையில் இடிக்கும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கையை எட்டி நீட்டித் தட்டுவாள்.

அவளுடைய கடைசிக் கணக்கு எல்லாவற்றிலும் பெரிசு. வாரக்கணக்கில் ஓடினால்தான் முடியும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து. வாரம் முடிகிறபோது வரிசையில் இருக்கிறவர்களைக் கெஞ்சி முறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதை முடித்துக் கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்து, இத்தனை வருஷப் படிப்பும் போச்சு. கணக்கை ஜன்னலோர மிஷினில் ஓடவிட்ட சில நாளிலேயே டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாரம் முடிகிற அன்றைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. இவர்தான் "நீ படும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையில் அந்த மிஷின் மேல் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு அட்டை எதற்கு என்று தெரியும்.

"தம்பி, இது நல்லாத்தானே உறுமுது?"

"அக்கா, அந்தப் பக்கம் துடைப்பம் போடாதீங்க. ஒயர்ல கால் படக் கூடாது. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. டப்பாப் பொய்யைத் தவிர வேறு பொய் பழகாத மனுஷனுக்கு அது முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அந்த மூலையைப் பார்த்தால் இவர் தரையைப் பார்ப்பார்.

இதிலே நெட்டையன் என்று ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசல்படியில் குனிந்துதான் உள்ளே வருவான். அதற்குச் சில மாதம் முன்பு அவனுடைய கணக்கு முடிய இன்னும் இரண்டு நாள்தான் என்று இவரிடம் கெஞ்சினான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கண் எதிரிலேயே நிறுத்தினார். அன்றிலிருந்து அவன் இவருக்கு வணக்கம் சொல்வதில்லை. இப்போது வரிசையில் அவன் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மிஷின் குறைந்ததால் எல்லாருக்கும் காத்திருப்பு நீண்டது, அவனுக்கும்தான்.

அப்படியிருக்க ஒருநாள் காலையில், வரிசை சார் இயக்குநர் அம்மா அறையில் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், ஸ்டோர் ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். சிவப்பு அட்டை மாட்டின மிஷினை எல்லாம் கிடங்குக்கு எடுக்கச் சொல்லி உத்தரவாம். நான் அந்தக் கோடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒருத்தன் ஜன்னலோர மிஷினின் திரையைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டான். இன்னொருத்தன் மேசைக்கு அடியில் குனிந்து ப்ளக்கைத் தேடிக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப் போய் மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். என் முட்டி போட்ட சத்தம் அவனுக்கே கேட்டிருக்கும்.

"என்னம்மா இது, எந்திரிங்க. பழுதான மிஷின்."

"இருக்கட்டும். நானும் பழுதுதான். முதல்ல என்னைத் தூக்கு."

"அம்மா, உத்தரவு."

"உன் உத்தரவு வண்டியில இருக்கட்டும். கையை எடு ப்ளக்கை விட்டு. எடுக்கறியா, கடிக்கட்டுமா?"

எனக்கு இருக்கிற பல்லை வைத்துக் கடித்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கையை எடுத்துவிட்டான். வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் சாரைக் கூட்டி வரச் சொன்னேன். அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். நேராகக் குனிந்து மிஷினின் பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், பழுதா இல்லையா? ஒண்ணு சொல்லுங்க" என்றான் வண்டிக்காரன்.

அவர் பழுது என்று சொல்லியிருந்தால் மிஷின் போயிருக்கும். இல்லை என்று சொன்னால் அவருடைய பேர் போகும். சுவரோரம் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து அட்டையைக் கழற்றினார்.

"பழுது இல்ல. நான் பொய்யா மாட்டினேன். மணல் பொண்ணோட கணக்கு இதுல ஓடுது. வாரம் முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு. அவ படுத்த படுக்கையா இருக்கா. உங்க எல்லாரோட முறையையும் எடுத்து அவளுக்குக் குடுத்துட்டேன். உங்களைக் கேக்கல."

நெட்டையன்தான் முன்னால் வந்தான்.

"எனக்கு ரெண்டு நாள் குடுக்கல நீங்க."

"குடுக்கல."

"அந்தக் கணக்கை மறுபடி ஆரம்பிச்சேன். இன்னும் அதுலயே நிக்கிறேன். என் கூடச் சேர்ந்தவன்லாம் முடிச்சுட்டுப் போயிட்டான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்" என்றார் வரிசை சார். நியாயம் பேசவில்லை, சமாதானம் சொல்லவில்லை. நானாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன்.

விஷயம் இயக்குநர் அம்மா காதுக்கு அதற்குள் போய்விட்டது. அந்த அம்மா படி ஏறி வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார்கள். "அவங்களுக்காக நான் வருத்தப்படலாம். சட்டத்தை மாத்த முடியாது. இது நீங்களே சொல்லிச் சொல்லிக் காப்பாத்தின சட்டம். இந்த மிஷினை இப்பவே அடுத்த ஆளுக்குக் குடுங்க. அவங்க இஷ்டப்படி பயன்படுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

வண்டியிலிருந்து திரையை இறக்கி மறுபடி மாட்டினார்கள். முதல் நாற்காலியில் இருந்தது யார் என்று கேட்கவே வேண்டாம். நெட்டையன்.

அவன் போய் உட்கார்ந்தான். விசைப்பலகை மேல் கையை வைத்தான். திரையில் எண்கள் மழை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. வரிசை சார் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர் முதுகைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இது எவ்வளவு ஓடியிருக்கு?" என்றான் அவன்.

"பாதிக்கு மேல."

"நான் கூடவே என் கணக்கையும் போட்டா?"

"ரெண்டும் மூச்சுத் திணறி நின்னுடும்."

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தான்.

"நடுவுல நிறுத்தினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும். இது என் முறை, என் இஷ்டம். நான் இங்க உக்காந்து படிக்கப் போறேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே படித்தான். தன் வாரம் முழுக்க வந்தான், உட்கார்ந்தான், படித்தான், போனான். வாரம் முடிந்ததும் எழுந்து கடைசி நாற்காலிக்குப் போனான். அடுத்த முறை ஒரு குண்டுப் பெண்ணுடையது. அவள் என்ன செய்வாளோ என்று நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் பையிலிருந்து ஊசியையும் நூல்கண்டையும் எடுத்தாள். குல்லாய் பின்னுகிறாளாம். "யாருக்கும்மா?" என்றேன். "இந்தச் சைஸ்ல யாருக்கும்மா இருக்கும்?" என்று கேட்டாள்.

எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருத்தன் முணுமுணுத்தான். ஒருத்தி, இந்த மிஷினை விட்டு அடுத்தது காலியானால் எனக்குச் சொல்லுங்கள் என்று தன் முறையைப் பின்னால் இருப்பவனுக்கு விட்டுக்கொடுத்தாள். அதுவும் சரிதான். வரிசை சார் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரங்களில் அவர் சாப்பாட்டு டப்பா திறந்ததை நான் பார்க்கவில்லை. அதையும் அவர் மனைவியிடம் சொன்னேன். அந்தம்மா ஒருநாள் நேரிலேயே வந்து, ஊட்டாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டுப் போனது.

ஒரு பகல் வேளையில் திரையில் எண்கள் நின்றன. போச்சு என்று நினைத்தேன். அந்த வாரத்து முறையில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து நின்று "சார்" என்றான். சுவரோரம் இருந்தவர்கள் எல்லாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். நெட்டையன் இன்னும் குனிந்து பார்த்தான். "முடிஞ்சிருக்கு. சுத்தமா முடிஞ்சிருக்கு" என்றான்.

வரிசை சார் முடிவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினார். பிறகு மணல் பொண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் முதலில் கேட்டது அவள் குரல் இல்லை. பச்சைப் பிள்ளை அழுகிற சத்தம். பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்ததாம், எங்களுக்குச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"சார்? சொல்லுங்க சார். நின்னுடுச்சா?" என்றாள். பயந்துபோன குரல்.

வரிசை சார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். நெட்டையன் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குல்லாய்க்காரி மூக்கை உறிஞ்சினாள். படித்த கூட்டம் முழுக்க இப்படி நின்றால் பெற்றவள் என்னவென்று நினைப்பாள்? நான் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"ஏம்மா, நான்தான், துடைக்கிறவ. உன் கணக்கு நல்லபடியா முடிஞ்சுது. உங்க சார் அழறாரு, அதான் பேச்சு வரல. நீ போனை வச்சுட்டுப் புள்ளைக்குப் பால் குடு, அதுக்குப் பசிக்குது."