லிமாவில் ஒரு பிடி சோறு

1975, ஆகஸ்ட். திருவள்ளூரில் என் மனைவி காலமானாள். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

1976, ஜூன். கும்மிடிப்பூண்டியில் நான் வேதியியலாளனாக இருந்த சாயத் தொழிற்சாலை, பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் நடக்கவிருந்த தொழில்நுட்பக் கூட்டமொன்றுக்கு என்னை அனுப்பத் தீர்மானித்தது.

1976, ஆகஸ்ட். கூட்டம் முடிந்த மறுநாள், மனைவியின் முதலாண்டுத் திதி. அன்று நான் லிமாவில் இருந்தேன்.

அக்கூட்டத்துக்கு வேறொருவர் போயிருக்கலாம். ஊரின் பெயரைக் கேட்டதும் நானே ஒப்புக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு பத்திரிகையில் பெருவின் பழங்காலத் துணி ஒன்றின் வண்ணப்படம் வந்திருந்தது. இறந்தவரைச் சுற்றிப் புதைப்பதற்காகவே பூத்தையலிட்ட போர்வை அது. அவள் அந்தப் படத்தை வெட்டி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தாள்.

"முன்பக்கம் யாரு வேணா காட்டுவாங்க. திருப்பிப் பின்பக்கம் பாக்கணும். தச்ச கை எப்படின்னு அங்கதான் தெரியும்" என்பாள்.

"அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்?" என்று கேட்டால், "உங்க பேக்டரிதான். பாத்துக்கினே இருங்க" என்பாள்.

பயணச் செய்தி, புதுவாயலை அடுத்த கிராமத்தில் நெல் விவசாயம் செய்துவந்த என் மாமியாருக்கு எட்டியது. நேரில் சென்றேன்.

"இன்னா மாப்ள, வருஷத் திதியும் அதுவுமா கடலு தாண்டிப் போறீங்க?"

மைத்துனன் குறுக்கிட்டான். "உடும்மா. அக்கா ஆசப்பட்ட ஊரு. படையல நான் போட்டுக்கறேன்."

"நீ போடு. தாலி கட்டினவரு வெக்கறது வேற." என் பக்கம் திரும்பினார். "எங்க இருந்தாலும் ஒரு புடி சோறு வெச்சிடுங்க. காக்கா எடுத்துச்சான்னு வந்து சொல்லுங்க. எடுக்கலன்னா அவளுக்கு இன்னாமோ கொறன்னு அர்த்தம்."

இத்தகைய விஷயங்களில் நம்பிக்கை உண்டென்று நான் எவரிடமும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. ஆனால் கடைசி நாட்களில் அவளால் பேச முடியாமற்போயிற்று. அவளுக்குக் குறை ஏதும் இருந்ததா என்று அறிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். மழையுமில்லை, வெயிலுமில்லை, நகரத்தின் மேல் சாம்பல் நிற மூடுபனி மட்டும். விடுதிச் சமையலறையில் வெறுஞ்சோறு கேட்டு வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குச் சென்றேன். கைப்பிடிச் சுவரில் வைத்த பிறகுதான் அதில் பூண்டு மணப்பதை உணர்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "கா, கா" என்று அழைத்தேன்.

எதிரிலிருந்த தேவாலயக் கோபுரத்திலிருந்து கரிய பறவை ஒன்று இறங்கிப் பக்கத்து மாடியில் அமர்ந்தது. என் நெஞ்சு ஒருகணம் இலேசாயிற்று. பனி சற்று விலகியதும் மொட்டைத் தலை தெரிந்தது, பிணந்தின்னிக் கழுகு. அது சோற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பறந்துபோயிற்று.

முற்பகல் முழுவதும் நின்றேன். சோதனை தவறும்போது காரணங்களை வரிசைப்படுத்திப் பழகியவன் நான். பூண்டு காரணமாகலாம், இரு நாடுகளின் நேர வித்தியாசத்தில் திதியே தவறியிருக்கலாம். அவற்றுக்கு அப்பால் இருந்த காரணத்தை நான் எண்ணாமல் தவிர்த்தேன்.

பிற்பகலில் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அவளுடைய போர்வைகள் அங்கே கண்ணாடிக்குள் இருந்தன. நான் துணியைப் பார்க்கவில்லை. துணியிலிருந்த பறவைகளையே பார்த்தேன். வல்லூறு இருந்தது, கூழைக்கடா இருந்தது, தேன்சிட்டு இருந்தது. காகம் இல்லை. ஆங்கிலம் அறிந்த முதிய ஆய்வாளர் ஒருவர், நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"காகமா? இங்கே இல்லையே."

"இந்தக் கூடத்திலா?"

"இந்தக் கண்டத்திலேயே இல்லை ஐயா. வட அமெரிக்காவில் உண்டு. இவ்வளவு தெற்கே அது வருவதில்லை." விருந்தாளி கேட்ட பண்டம் வீட்டில் இல்லாததற்கு வருந்துபவர்போலச் சொன்னார்.

அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உடல்நலமில்லையா என்று கேட்டார். நலமாக இருப்பதாகச் சொன்னேன். அது உண்மையாகவே இருந்தது. பிறகு எழுந்து முதல் போர்வையிலிருந்து மீண்டும் தொடங்கினேன். பறக்கும் சிறு உருவங்கள் வரிசை வரிசையாக இருந்தன. உருவம் ஒன்றே, ஒவ்வொன்றுக்கும் நிறச்சேர்க்கை வேறு. அந்தச் சிவப்பு எத்தனை நூற்றாண்டுகளாக மங்காமல் நிற்கிறதென்று, தொழில்முறைப் பொறாமையோடு பார்த்தேன். மூடும் மணி அடிக்கும்வரை பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் நேராகப் புதுவாயல் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். மாமியார் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே நின்றார்.

"எடுத்துச்சா?"

"அந்த நாட்டில் காக்காவே கிடையாது, அத்தை."

"ஒண்ணு கூடவா?"

"ஒன்றுகூட இல்லை."

அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். "இங்க இவன் வெச்சத வந்து எடுத்துட்டா. நீங்க வந்து இன்னா சொல்லப்போறீங்களோன்னுதான் எனக்குப் பக்குபக்குன்னு இருந்துச்சு."

"ரெண்டு காக்கா, எலயக் கிழிச்சுக்கினு சண்ட" என்றான் மைத்துனன்.

"அவ எப்படிப்பா வருவா அம்மாந்தூரம்? இங்க பஸ்ஸு ஏறினா கும்மிடிப்பூண்டி போறதுக்குள்ள ரெண்டு வாட்டி வாந்தி எடுப்பா!"

முதலில் சிரித்தவர் அவரே. சிரித்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

இன்னும் செய்யாதவை:

அந்த ஆய்வாளருக்கு நம் ஊர்க் காகத்தின் புகைப்படம் ஒன்று அனுப்புவது.

லிமாவில் வாங்கிய பட அட்டையை, அலமாரிக் கதவில் அவள் ஒட்டிய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவது.

போர்வையின் பின்பக்கத்தைப் பார்ப்பது. திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்க அன்று கூச்சமாக இருந்தது.