மருதப்பனின் சேலை வேலி

சங்கரன்கோவிலுக்கு வெளியே, பிளாட்டுகள் முடிகிற இடத்தில் மருதப்பனுக்கு இரண்டு ஏக்கர் உளுந்துப் புஞ்சை. மனைவி கோகிலா இறந்து நான்கு வருஷம். மகள் திருப்பூரில். மான்களை விட்டால் அவரிடம் ஏச்சு வாங்கக்கூட ஆள் கிடையாது.

மான்கள் பெருகி, விடியற்காலையில் பிளாட் தெருக்களுக்கே வர ஆரம்பித்திருந்தன. புஞ்சையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினால் காற்றில் ஆடும், மான் மிரளும். ஆனால் ஒரு மாதத்தில் பழகிவிடும். வேறு நிறம் கட்ட வேண்டும். அதனால் மருதப்பன் மாதம் ஒருமுறை சாக்கோடு போய் பிளாட் வீடுகளின் கதவைத் தட்டுவார். எஸ்லின் டீச்சர் வீட்டில் சேலையோடு டீயும் கிடைக்கும். சாருக்குச் சுகர் எப்படி, மகன் என்ன படிக்கிறான் என்று போன மாதம் கேட்டதையே மறுபடியும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்காக, மான் தின்ற உளுந்துக்கு வயிறு எரியாமல் இருக்குமா? ஆறு வருஷம் மனுமேல் மனு போட்டது அவரேதான். இந்தக் கார்த்திகையில் வனத்துறையினர் வலை கட்டி, மான்களைப் பிடித்து, மலையடிவாரக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். உளுந்து ஒரு கொப்புகூடக் கடிபடாமல் நின்றது. மனிதர் சந்தோஷப்பட வேண்டியதுதானே? வாயைத் திறக்கவே வேலையில்லாமல் இரண்டு வாரம் போனது. பேச ஆளில்லாமல் அழுகையே வந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

சாக்கை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"மான்தான் இல்லியே அண்ணாச்சி, இப்பம் சேலை எதுக்கு?"

"ஒண்ணு மட்டும் இன்னும் வருது டீச்சர்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார்.

டீச்சர் நல்ல மனசுக்காரி. சேலையும் கொடுத்து, வனத்துறைக்குப் போனும் போட்டுவிட்டார். மறுநாள் காலை வனக்காவலர் மகாராஜா பைக்கில் வந்து இறங்கினார். வரப்பு வரப்பாகக் குனிந்து பார்த்தார். குளம்புத் தடம் இல்லை, புழுக்கை இல்லை.

"அண்ணாச்சி, இங்கன மான் எதுவும் வரலியே."

"எனக்குத் தெரியும்."

"பெறவு எதுக்கு என்னைய அலைய விட்டிய?"

மருதப்பன் மோட்டார் ரூம் பக்கம் கையைக் காட்டினார். "டீ போடுதேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போ தம்பி."

பனவடலிசத்திரத்தில் இன்னொரு புகார் காத்திருந்தது. மகாராஜா பைக்கில் ஏறி உட்கார்ந்தார். "இன்னொரு நாள் வாரேன்."

"எப்பம்?"

"மான் வந்தா சொல்லுங்க அண்ணாச்சி. உடனே வாரேன்."